மஞ்சள் விலையைப் பாக்ஸ் பிளாட்டில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோடு, பெருந்துறை, கோபி ஏல விலைகளை விரலி, கிழங்கு என்று இரண்டு ரகமாகப் பிரித்துப் பாக்ஸ் பிளாட் (விலைகளின் நடுப் பாதியைப் பெட்டியாகவும் நடு விலையை அதற்குள் ஒரு கோடாகவும் காட்டும் படம்) போட்டால் ஆறு பெட்டிகள் வர வேண்டும். சந்தைகளை 1, 2, 3 என்று எண்ணாகப் பதிந்திருந்தால் ஆர் மென்பொருளில் படம் வரையும் ஜிஜிபிளாட் அவற்றை அளவாக எடுத்துக்கொள்ளும். மூன்று ஊர் விலையும் கலந்து, விரலிக்கு ஒன்று, கிழங்குக்கு ஒன்று என இரண்டே பெட்டி வரும். சந்தை எண் உள்ள நெடுவரிசையை முதலில் ஃபேக்டராக (அளவாக இல்லாமல் வகையாக) மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கெடுதலான தவறு, படத்தைப் பெரிதாக்கிக் காட்ட ஒய்லிம் (விலை அச்சுக்கு எல்லை வைக்கும் கட்டளை) கொடுப்பது. அது எல்லைக்கு வெளியே உள்ள விலைகளைத் தூக்கியெறிந்த பிறகே பெட்டியைக் கணக்கிடும். கோபி கிழங்கின் ஒன்பது லாட் (ஏலத்துக்கு வந்த குவியல்) விலை, குவிண்டாலுக்கு ஆயிரம் ரூபாய்க் கணக்கில் 10, 11, 12, 12, 13, 14, 15, 18, 20 என்று வைத்துக்கொள்வோம். நடுக்கோடு 13, பெட்டியின் மேல் விளிம்பு 15. மேல் எல்லையை 16 என்று வைத்தால் கடைசி இரண்டு லாட்டும் போய், நடுக்கோடு 12-க்கும் விளிம்பு 13.5-க்கும் இறங்கிவிடும். விலையே சரிந்ததுபோல் தெரியும்! அதற்குப் பதில் கோஆர்ட் கார்ட்டீசியன் என்ற கட்டளைக்குள் எல்லையைக் கொடுங்கள். பார்வை மட்டும் பெரிதாகும், கணக்கு மாறாது.

அதே ஒன்பதில் மீசைக்கோடு (பெட்டியிலிருந்து மேலே நீளும் கோடு) 18-உடன் நின்று, 20 தனிப்புள்ளியாக விழும். கோட்டின் நுனியை உச்ச விலை என்று படிக்காதீர்கள், பெட்டி உயரத்தின் ஒன்றரை மடங்குக்குள் (15-க்கு மேல் 4.5, அதாவது 19.5 வரை) உள்ள கடைசி விலைதான் அது. தனிப்புள்ளி என்பதற்காக அழித்துவிடவும் கூடாது. நல்ல மெருகேறிய லாட்டாக இருக்கலாம், விரலியைக் கிழங்கு என்று பதிந்ததாகவும் இருக்கலாம். ஏலச் சீட்டைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். எல்லா லாட்டையும் ஜிட்டர் புள்ளிகளாக (ஒன்றன்மேல் ஒன்று விழாமல் சற்றே சிதறவிட்ட புள்ளிகளாக) மேலே தூவினால், பெட்டியின் தனிப்புள்ளியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே லாட் இரண்டு முறை தெரியும்.

ஐந்து லாட்டின் பெட்டியும் ஐந்நூறு லாட்டின் பெட்டியும் ஒரே அகலத்தில்தான் நிற்கும். ஊர்ப் பெயருக்குக் கீழே எண்ணிக்கையை எழுதுங்கள். ஐந்தாறு லாட் மட்டும் என்றால் பெட்டியே வேண்டாம், புள்ளிகள் போதும். ஓர் ஊரில் விரலி வரவே இல்லையென்றால் அங்குள்ள கிழங்குப் பெட்டி இரட்டை அகலத்துக்கு விரியும். பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் பொசிஷன் டாட்ஜ்2 கட்டளையில் ப்ரிசர்வ் என்பதைச் சிங்கிள் ஆக்கினால் சரியாகிவிடும்.

விரலிக்கும் கிழங்குக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் கேள்வி என்றால், ஊரைக் கீழ் அச்சிலும் ரகத்தை நிறத்திலும் வையுங்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு பெட்டியும் அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.