மியாஜிமாவில் ஒரு நாள்: கடலைக் கேட்காமல் கிளம்பாதீர்கள்

ஹிரோஷிமா போகிறவர்களில் நிறையப் பேர் அரை நாளை ஒதுக்கிப் பக்கத்துத் தீவான மியாஜிமாவையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாசல் முன்னால் ஒரு போட்டோ, கையில் ஏதோ ஒரு இனிப்பு, அடுத்த படகில் ஏறித் திரும்பிவிடுவது. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன், தனியாக, முதுகில் ஒரு பையோடு. போய் நின்றால் கடல் பாதி உள்வாங்கியிருக்கிறது, பாதி இல்லை. வாசலைச் சுற்றி முழங்கால் அளவுக்குக் கலங்கல் தண்ணீர், கரைப் பக்கம் பாசியும் சேறும். மிதக்கிற மாதிரியும் தெரியவில்லை, கிட்டே நடந்து போகவும் வழியில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை பேச்சு என்று முணுமுணுத்துக்கொண்டே கடைத்தெருப் பக்கம் போய்விட்டேன். தப்பு தீவின் மேல் இல்லை.

அந்த வாசலுக்குத் தோரி என்று பெயர். தீவின் அதிகாரபூர்வப் பெயர் இத்ஸுகுஷிமா, கோயில் பெயரும் அதுவே. கடல்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் கோயிலும் தோரியும் தண்ணீரில் மிதப்பது போல இருக்கும், 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் தோரியின் காலடி வரைக்கும் நடந்தே போகலாம். இது அங்கே எல்லாரும் சொல்கிற கணக்கு. எந்த நாளில் எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள், இணையத்திலேயே கிடைக்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம் என்பதால், நாள் முழுக்கத் தீவில் இருந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். அரை நாள் திட்டம் சொதப்புவது இங்கேதான்.

இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறி நன்றாக இறங்கும். அரை நிலா நாட்களை ஒட்டி ஏற்றமும் சுமார், இறக்கமும் சுமார், நாள் முழுக்கக் காத்திருந்தாலும் தோரிக்குக் கீழே தரை தெரியாமலே போகலாம். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நான் என்றைக்கும் காதில் வாங்கியதில்லை, மியாஜிமா விஷயத்தில் மட்டும் வாங்கியிருக்கலாம்.

சரி, கடல் இறங்கிவிட்டது, கிட்டே போய்விட்டீர்கள். அங்கே கூட்டம் கூட்டமாகச் செய்கிற ஒரு தவறு, தூண்களின் வெடிப்புகளில் காசைச் செருகுவது. வேண்டுதல் என்று நினைத்துச் செய்கிறார்கள், மரம் அதனால் இன்னும் பிளக்கிறது. இப்போது நிற்கும் தோரி 1875-இல் எழுப்பியது, உயரம் ஏறக்குறைய 16 மீட்டர், பெரிய தூண்கள் இரண்டும் கற்பூர மரம். இதன் தூண்களை மண்ணுக்குள் புதைக்கவில்லை. மேலே குறுக்கே கிடக்கும் உத்தரத்துக்குள் கற்களை நிரப்பி, அந்தப் பாரத்தாலேயே கடற்படுகையில் நிற்க வைத்திருக்கிறார்கள். தூணைக் கைவைத்துப் பாருங்கள், அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக் கரடுமுரடாக இருக்கும், அந்த உயரத்துக்கு மேலே மரம் சட்டென்று வழவழப்பாகும். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

கோயிலைக் கடலுக்குள் கட்டியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. தீவே தெய்வம், மண்ணை மிதிக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் தாய்ரா நோ கியோமோரி என்ற படைத்தலைவர் 1168-இல் இப்போதைய பெரிய வடிவத்தில் நீர்மேல் எழுப்பினார் என்பார்கள். பிறப்பும் இறப்பும் தீட்டு என்பதால் பிரசவத்துக்கு எதிர்க்கரைக்குப் போக வேண்டியிருந்தது, இறந்தவர்களையும் அங்கேதான் கொண்டு போனார்கள். இன்றைக்கும் தீவில் மயானம் கிடையாது. இது தெரியாமல் போனால் அந்த நீண்ட சிவப்பு நடைபாதைகள் போட்டோ எடுக்க வசதியான இடமாகத்தான் தெரியும். நடக்கும்போது குனிந்து பலகைகளைப் பாருங்கள், நடுநடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். கடல் பொங்கும்போது தண்ணீர் அந்தச் சந்து வழியாக மேலே வந்து போகும், பலகை பெயராது.

படகு விஷயத்தில் சின்னச் சின்னத் தவறுகள்தான். ஹிரோஷிமா ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை இருக்கிற மியாஜிமாகுச்சிக்கு ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிராமிலும் போகலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஊர் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் ஏறுங்கள். அங்கிருந்து பத்து நிமிடப் படகு. இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஜப்பான் ரயில்வேயின் ஜேஆர் படகு பகல் நேரத்தில் தோரிக்குச் சற்று கிட்டே சுற்றிக்கொண்டு போகும், தீவுக்குப் போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். ஜேஆர் பாஸ் இருக்கிறது, எல்லாம் இலவசம் என்று நேராக நடந்து போகாதீர்கள். 2023 அக்டோபரிலிருந்து பார்வையாளர் வரி 100 யென், அதைத் தனியாகக் கட்ட வேண்டும்.

இறங்கியதும் மான்கள் வரும். மான்களுக்குப் பேர்போன நாரா நகரத்துக்குப் போய்விட்டு வருகிறவர்கள் அங்கே பழகிய பழக்கத்தில் பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். இங்கே மான்களுக்குத் தீனி போடக் கூடாது, மான் பிஸ்கட் விற்கிற கடையும் இல்லை. ஆனால் மான்களுக்கு அந்த விதி தெரியாது. காகிதம் என்றால் உயிர். நான் தோரியைப் படம் எடுக்கக் காமிராவை உயர்த்திய நேரத்தில், பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் செருகியிருந்த வரைபடத்தை ஒரு மான் உருவிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது தீவின் வடகிழக்குப் பகுதி ஏற்கனவே அதன் வாய்க்குள் இருந்தது. தனியாகப் போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு கண் இல்லை, அதனால் டிக்கெட், காகிதம், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் ஜிப்புக்குள் போகட்டும். பெரிய பை இருந்தால் லாக்கரில் போட்டுவிடுங்கள். மான்கள் கிளறும் என்பதால் தீவில் குப்பைத்தொட்டியும் அரிது, ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையோடு வைத்திருங்கள்.

இனி சாப்பாடு. இங்கே பார்க்க வேண்டியது அனகோமேஷி, கடல் விலாங்கைச் சுட்டு, இனிப்பும் உப்பும் கலந்த சாறு தடவி, சோற்றின் மேல் நெருக்கமாக அடுக்கித் தருவது. இதை உனகி என்று நினைத்துக்கொண்டு போய், கொழுப்பு குறைவாக இருக்கிறதே என்று குறைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உனகி ஆற்று விலாங்கு, இது வேறு மீன். எனக்குப் பிடித்தது மீனைவிட அடியில் இருக்கிற சோறுதான், மீன் எலும்பு வேகவைத்த சாற்றிலேயே பொங்கியது, மேலே இருக்கும் சாறும் இறங்கி ஒவ்வொரு பருக்கையும் பழுப்பாகியிருக்கும். பன்னிரண்டரை மணிக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள், பதினொன்றுக்கே உட்கார்ந்துவிடுங்கள். தனி ஆளாகப் போவதில் ஒரு லாபம் உண்டு, நான்கு பேர் காத்திருக்கும்போது கவுன்டரில் ஒற்றை நாற்காலி காலியாக இருக்கும்.

சிப்பி ஹிரோஷிமாவின் பெருமை, ஜப்பானில் அதிகம் வளர்ப்பது இந்த மாவட்டம்தான். படகில் வரும்போதே மூங்கில் தெப்பங்கள் தெரியும், அவற்றின் அடியில் தொங்குகிற கம்பிகளில்தான் அவை வளர்கின்றன. கொழுத்துக் கிடப்பது குளிர்காலத்தில், ஜனவரி, பிப்ரவரியில். வாழ்க்கையில் சிப்பியே சாப்பிட்டதில்லை என்றால் பச்சையாகச் சாப்பிட்டு வீரம் காட்ட வேண்டாம். தெருக்கடையில் ஓட்டோடு சுடுவார்கள், தணலில் ஓடு பட்டென்று வாய் திறக்கும், இடுக்கியால் எடுத்து எலுமிச்சைத் துண்டு வைத்துத் தருவார்கள். ஓட்டுக்குள் தேங்கியிருக்கிற சாறு கொதித்துக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு வாயில் கவிழ்த்தால் அன்றைக்கு வேறு எதுவும் ருசிக்காது. முதல் தடவை இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது, வயிறு கெட்டால் சோடா வாங்கித் தரக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை அல்லவா.

சைவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மேலே இருக்கிற துண்டை எடுத்துவிட்டு அதே உடோன் நூடுல்ஸைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்றுவது இல்லை அது. அவர்கள் கணக்கில் தாஷி என்கிற அடிப்படைச் சாறு நம் புளித்தண்ணீர் மாதிரி, உணவு அதில்தான் தொடங்குகிறது, அதைத் தனியாக மீன் என்று யாரும் எண்ணுவதில்லை. பெரும்பாலும் அதில் கத்ஸுவோ என்ற மீனின் கருவாடு இருக்கும். ‘தாஷி மோ தமே தெஸ்’, தாஷியும் ஆகாது, என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. அதைவிட நிச்சயமான வழி, ஹிரோஷிமாவிலேயே உமேபோஷி என்ற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டை, இரண்டு, பழம், ஏதாவது ரொட்டி வாங்கிக்கொண்டு போவது. இனிப்புக்குக் குறை இல்லை. மேப்பிள் இலை வடிவத்தில், உள்ளே சிவப்புப் பயறு விழுது வைத்த மோமிஜி மஞ்ஜு இங்கே பிறந்தது. முட்டை சேர்த்திருப்பார்கள், அதைக் கவனியுங்கள். குச்சியில் குத்தி மாவில் தோய்த்துப் பொரித்துத் தருகிற வகை சுடச்சுட இருக்கும்போது சாப்பிட வேண்டியது, கடை வாசலிலேயே நின்று முடித்துவிடுங்கள். நடந்துகொண்டே தின்றால் பார்க்கிறவர்களுக்கும் பிடிக்காது, மான்களுக்கு மிகவும் பிடிக்கும்.

நம்மவர்கள் தவறவிடக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் அதன் வாசலைத் தாண்டியே போய்விடுகிறார்கள். கோயில் நடைபாதையை விட்டு வெளியே வந்ததும் இருக்கிற தைகன்ஜி என்ற பௌத்தக் கோயில். உள்ளே பென்ஸைத்தென், அதாவது நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்கு வந்தவள், அங்கே வீணைக்குப் பதிலாகப் பீவா என்ற நரம்பிசைக் கருவிதான் அவளுடையது. 1868-க்குப் பிறகு ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் அரசு பிரித்தபோதுதான் அவளைக் கோயிலிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள், அதுவரை கடல் கோயிலின் தெய்வமும் அவளும் ஒன்றென்றே கும்பிட்டு வந்தார்கள். தெருவில் கடைக்குக் கடை விற்கிற மரச் சோற்றுக் கரண்டி, ஷாமோஜி, அதன் கதையும் இவளிடம்தான் போய் முடிகிறது. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவியின் கனவில் இவள் வந்தாளாம், அவள் கையிலிருந்த பீவாவின் வடிவத்திலேயே கரண்டி செதுக்கத் தீவுக்காரர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தாராம். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அகலமான வயிறு, மெலிந்த கழுத்து, பீவாவேதான். சாவிக்கொத்தும் ஃபிரிட்ஜ் காந்தமும் வாங்குவதற்கு இதை வாங்கலாம். நனைத்துவிட்டு அள்ளினால் சோறு ஒட்டாது.

மலையடிவாரத்தில் இருக்கிற தைஷோயின் என்ற பௌத்தக் கோயிலுக்கும் நேரம் வையுங்கள். படியேறும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் உருளைகள் இருக்கும், உருட்டிக்கொண்டே ஏறினால் சூத்திரம் ஓதிய புண்ணியம். பின்னல் குல்லாய் போட்ட கல் சிலைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒன்றின் முகம் மாதிரி இன்னொன்று இல்லை. இங்கே நடக்கிற கோமா என்ற தீ வழிபாட்டின் பெயர் நம் ஹோமம்தான். கடல் கோயிலுக்குள் செருப்போடு நடக்கலாம், அன்றைக்கு ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1587-இல் தொடங்கி அவர் இறந்ததால் முடியாமலே நின்றுபோன செஞ்ஜோகாகு என்ற பெரிய மண்டபத்திலும் வேறு பல சன்னதிகளிலும் கழற்ற வேண்டும். ஓட்டை விழுந்த காலுறையோடு நான் பட்ட வெட்கம் உங்களுக்கு வேண்டாம்.

மிசென் மலைக்கு ரோப் கார் இருக்கிறது. அது உச்சியில் கொண்டுபோய் விடும் என்று நினைப்பது அடுத்த தவறு. மேல் நிலையத்திலிருந்து 535 மீட்டர் உயரத்தில் இருக்கிற உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம், இறங்கி ஏறி, ஏறி, பாறைப்படிகளில். செருப்பு போட்டுக்கொண்டு போனவர்கள் பாதியில் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து மணிக்கு முன்பே கடைசி வண்டி இறங்கிவிடும், பருவத்துக்குப் பருவம் நேரம் மாறும் என்பதால் ஏறும்போதே பலகையைப் படித்துவிடுங்கள். தவறவிட்டால் ஒன்றரை மணி நேரம் இருட்டுகிற காட்டில் நடை. உங்களிடம் ஒரே நாள்தான் இருக்கிறது, கடல் இறங்குகிற நேரம் மதியம் என்றால், மலையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இரண்டுக்கும் ஆசைப்பட்டு இரண்டையும் ஓட்டமாகப் பார்ப்பதைவிட அது மேல்.

ஐந்து மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கும், எல்லாரும் படகுத்துறைக்கு ஓடுவார்கள். நீங்களும் ஓடாதீர்கள். படகு இரவு பத்து மணி வரைக்கும் உண்டு, இருட்டியதும் தோரிக்கு விளக்கு போடுவார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு இடம் தேடினால் கிடைப்பது அபூர்வம், அதனால் ஐந்துக்கு முன்பே எதையாவது வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை போனபோது பௌர்ணமிக்கு மறுநாள். மதியம் சேறு இருந்த இடத்தில் இரவு ஒன்பதுக்குப் படிக்கட்டு வரை தண்ணீர், ஆள் நடமாட்டம் இல்லை, அலை நடைபாதைக் கால்களில் தட்டுகிற சத்தம் மட்டும். கல்விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓனிகிரியைப் பிரித்தேன். ஒரு மான் வந்து பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டை முகர்ந்தது, ஜிப் மூடியிருந்தது, போய்விட்டது.