நெசியன்ஸ் எந்தக் கோயில்?

நம்ம பக்கம் நகரத்தார் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால், "எந்த ஊர், எந்தக் கோயில்?" என்று கேட்காமல் பேச்சு நகராது. இளையாத்தங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று தெரிந்தாலே பங்காளியா இல்லையா என்பது பாதி விளங்கிவிடும். தேவகோட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளிடம், பழைய ஆங்கிலச் சொல்லையும் அப்படி விசாரிக்கத்தான் சொல்கிறேன்.

'நெசியன்ஸ்' என்றால் அறியாமை. இன்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. முதலில் சொல்லை வெட்டுங்கள். முன்னால் இருக்கும் 'நெ' லத்தீனில் 'இல்லை'. மீதியை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், 'சயன்ஸ்' அப்படியே நிற்கும். இரண்டுக்கும் மூலம் 'ஸ்கீரே', அதாவது அறிதல். காதை நம்பினால் இது பிடிபடாது. மனசாட்சியைக் குறிக்கும் 'கான்ஷன்ஸ்' உள்ளேயும் அதே எழுத்துகள்தான்.

அடுத்து அகராதி. கையடக்கப் பதிப்பு வேண்டாம். பெரும்பாலும் அதில் சொல்லின் பிறப்பு இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி கிடைத்தால் விடாதீர்கள். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்கியிருப்பார்கள். நெசியன்ஸ் ஆங்கிலத்துக்குள் வந்தது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இனிப் பங்காளிகளைத் தேடுங்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். நாள்தோறும் சொல்கிறோமே 'நைஸ்', அதுவும் இதே கோயில்! லத்தீன் 'நெஸ்கியுஸ்', அறியாதவன். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது நைஸ் என்றால் மடத்தனம். பிறகு நுணுக்கம் பார்ப்பவர், மென்மை என்று நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் 'இனிமையான' ஆனது. உடன்பிறந்தார் மகளைக் குறிக்கும் 'நீஸ்' எழுத்தில் ஒட்டினாற்போல இருக்கும். ஏமாறாதீர்கள், அது வேறு கோயில்.

'இக்னரன்ஸ்' கூடப் பங்காளி இல்லை. அதன் உறவு, தெரியும் என்று பொருள்படும் 'நோ', 'நோட்டீஸ்' பக்கம். பொருளிலும் நூலிழை வித்தியாசம் உண்டு. பத்திரத்தில் எழுதியிருந்த வட்டியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் அது இக்னரன்ஸ். அதில் பழி ஒட்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள வழியே இல்லாததைத் தெரியாமல் இருப்பது நெசியன்ஸ்.

கடிதத்திலோ விண்ணப்பத்திலோ இதை எழுதாதீர்கள், எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள். அத்வைத நூல்களின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் புரட்டினால் 'அவித்யை' வருமிடத்தில் நெசியன்ஸ் கண்ணில் படும். அங்கே இக்னரன்ஸ் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் உறைக்கும்.