டிஸ்க்கில் காணாமல் போகும் இடம்: அழிப்பதற்கு முன்பு பாருங்கள்

டிஸ்க் நிறைந்ததும் புதியவர்கள் கைக்குக் கிடைத்ததை எல்லாம் அழிப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. லைனக்ஸ் சர்வர்களைப் பார்க்க வந்த புதிதில் நானும் அதையேதான் செய்தேன். தற்காலிக ஃபைல்களை நீக்குவது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஓடும் புரோகிராமின் லாக்கை அழிப்பது

ஒரு நள்ளிரவு, டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் காட்டியது. தேடினால் ஒரே லாக் ஃபைல் (புரோகிராம் தன் செயல்களை எழுதிவைக்கும் ஃபைல்) 40 ஜிபி. ஆர்எம் கட்டளை போட்டு அழித்தேன். டிஎஃப் அசையவில்லை. இது போதவில்லை போல என்று ஒரு டேட்டாபேஸ் பேக்கப்பையும் அழித்தேன். அந்த வாரமே அது தேவைப்பட்டது. அந்த 40 ஜிபியோ அங்கேயேதான் இருந்தது.

நடந்தது இதுதான். ஆர்எம் அழிப்பது பெயரை மட்டுமே. எந்தப் பெயரும் மிஞ்சாமல், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராமும் அதை மூடினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். ஃபைல்களின் அளவைச் சொல்லும் டியூ கட்டளை, பெயர்களைத் தேடிப்போய்க் கூட்டுகிறது. பெயர் போனபின் அதன் கண்ணுக்கு எதுவும் படாது. டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தின் கணக்கையே கேட்பதால் உண்மையைச் சொல்லும். இரண்டும் வெகுவாக முரண்பட்டால் முதல் சந்தேகம் இதன்மேல் வரவேண்டும்.

எல்எஸ்ஓஎஃப் கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக), +எல்1 சேர்த்து ஓட்டுங்கள். பெயரிழந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும். அந்தப் புரோகிராமை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். அடுத்த முறை லாக்கை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளை மூலம் அதன் அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

மெஷினையே ரீபூட் செய்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று எழுந்து போகிறார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. லாக்குகளை அவ்வப்போது மாற்றும் லாக்ரொடேட் என்ற கருவி பழைய லாக்கை மாற்றியபின், புதிய ஃபைலைத் திறக்கும்படி புரோகிராமுக்குச் சொல்லப்படுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதைச் சரிசெய்யாதவரை டிஸ்க் மறுபடி நிறையும்.

ரிசர்வ் இடத்தை மறப்பது

லைனக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம், வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கென ஒதுக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது சுமார் 200 ஜிபி! வெறும் டேட்டா டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு குறைக்கலாம். சிஸ்டம் டிஸ்க்கில் கைவைக்காதீர்கள். நெருக்கடியில் ரூட்டாக உள்ளே நுழைந்து வேலை செய்ய அந்த இடம்தான் உதவும்.

ஐநோடைப் பார்க்காமல் விடுவது

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோடு என்ற ஒரு விவரப் பதிவு வேண்டும். இடம் இருந்தும் 'இடமில்லை' என்றால், டிஎஃப் -ஐ போட்டு ஐநோடுகள் தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள்.

மவுன்ட்டுக்கு அடியில் பார்க்காதது

பேக்கப் டிஸ்க்கை ஒரு காலி ஃபோல்டரில் இணைப்பதுதான் மவுன்ட். அது மவுன்ட் ஆகாத நாளில் பேக்கப் ஓடினால், அத்தனையும் அந்தக் காலி ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கிலேயே போய் விழும். அப்புறம் டிஸ்க்கை மவுன்ட் செய்தால் அது மேலே மூடிக்கொள்ளும், டியூவுக்கும் தெரியாது. ரூட் ஃபைல்சிஸ்டத்தை வேறோர் இடத்தில் பைண்ட் மவுன்ட் செய்து (அதே ஃபைல்களை இன்னொரு வழியிலும் தெரியும்படி இணைத்து), அந்த வழியாக ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள். அடியில் கிடப்பது தெரியும். அதுவும் ஒரு பேக்கப் என்பதால், தேதியைப் பார்த்துவிட்டு அழியுங்கள்.