மார்பு குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: எந்த வீக்கத்துக்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

ஆண்களுக்கு மார்பு பெண்களுடையதுபோல் பெருத்திருப்பதை (கைனகோமாஸ்டியா) குறைக்கும் ஆபரேஷன் இது. கட்டைப் பிரித்ததும் பலருக்கும் முதலில் வருவது ஏமாற்றம்தான். மார்பு பழையபடியே இருக்கும். சிலருக்கு முன்பைவிடப் பெரிதாகவும், ஒரு பக்கம் மேலே ஒரு பக்கம் கீழே போலவும் தெரியும். "இத்தனை செலவு பண்ணியும் அப்படியேதானுங்க இருக்குது" என்று நாலாம் நாளே டாக்டருக்குப் போன் போடுவார்கள்.

காரணம் இதுதான். கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் சலைனில் மரப்பு மருந்தும், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து தோலுக்கு அடியில் ஏற்றுகிறார்கள். அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். கொழுப்பும் மார்புச் சுரப்பியும் இருந்த இடத்தில் ரத்தக்கசிவும் நிணநீரும் ஊறும். எடுத்த இடத்தை நீர் வந்து அடைத்துக்கொள்கிற மாதிரிதான் முதல் வாரம் இருக்கும். நீங்கள் கண்ணாடியில் பார்ப்பது அந்த நீரைத்தான்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். பெரும்பகுதி மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் இறங்கும். மிச்சம் வடிய 3 முதல் 6 மாதம் ஆகும். காம்பைச் சுற்றியுள்ள உப்பல்தான் எல்லாவற்றுக்கும் கடைசி. ரத்தக்கட்டின் நிறம் ஊதாவிலிருந்து பச்சை, மஞ்சள் என மாறி இரண்டு மூன்று வாரத்தில் போகும். அதற்குள் அது வயிறு, இடுப்பு வரைக்கும் இறங்கி நிற்கலாம். புவியீர்ப்பில் ரத்தம் கீழே வழிவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. இறக்கமும் ஒரே சீராக இருக்காது. காலையில் தட்டையாகத் தெரிந்தது, வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் சாயங்காலம் உப்பியிருக்கும். வலது கைக்காரருக்கு வலது பக்கம் மெதுவாக வடிவதும் சகஜம், அந்தக் கைக்குத்தான் வேலை அதிகம்.

காம்புக்குப் பின்னால் கட்டி

இரண்டாம் வாரத்துக்கு மேல் வருகிற பயம் இது. வீக்கம் இறங்க இறங்க, காம்புக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படும். சுரப்பியை எடுக்காமலே விட்டுவிட்டார்களோ என்று தோன்றும். பெரும்பாலும் அது காயம் ஆறும்போது உருவாகும் தழும்புத் திசு. தொட்டால் பலகை போல, ஓரம் எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் பரவலாக இருக்கும். மாதத்துக்கு மாதம் இளகும்.

இன்னொன்றையும் தெரிந்துவைப்பது நல்லது. கருவட்டத்துக்கு அடியில் ஒரு மெல்லிய வட்டத்தைச் சர்ஜன் வேண்டுமென்றே விட்டுவைப்பார். முழுக்கச் சுரண்டி எடுத்தால் காம்பு பள்ளமாக உள்ளே இழுத்துக்கொள்ளும், பிறகு அதைச் சரிசெய்வது உப்பலைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம். அதனால் கொஞ்சம் சதை மிஞ்சியிருப்பதைக் குறையென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டி கெட்டியாக இல்லாமல், ஒரு பக்கம் விரலால் அழுத்தினால் மறுபக்கம் தளும்பினால் அது நீர் கோத்தது. முதல் இரண்டு வாரத்தில், அதுவும் கசியும் நீரை வெளியே எடுக்க வைத்த டியூப்பைச் சீக்கிரம் எடுத்தவர்களுக்கும், மார்பை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் வெஸ்ட்டை அடிக்கடி கழற்றுகிறவர்களுக்கும் இது வரும். டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார், இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். தோல் ஏற்கெனவே மரத்திருப்பதால் ஊசி பெரிதாக வலிக்காது. நீங்களே அமுக்கிக் கரைக்கப் பார்க்காதீர்கள்.

தழும்பை இளக்கும் மசாஜைக் காயம் முழுக்க மூடிய பிறகு, பொதுவாக மூன்றாம் வாரத்துக்கு மேல், டாக்டர் சரி என்றால் தொடங்கலாம். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு, இரண்டு விரல், சின்ன வட்டமாக ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு வேளை. வலிக்கிற அளவுக்கு அழுத்தினால் திரும்ப வீங்கும்.

வெஸ்ட்

திருப்பூர்க்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்: டைட்டான பனியன் பிரஷர் வெஸ்ட் ஆகாது. பனியன் துணி இரண்டு துவைப்பில் தளர்ந்துவிடும். இதற்கென்றே நெய்த இலாஸ்டிக் துணிதான் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் தரும். பெரும்பாலான டாக்டர்கள் முதல் மூன்று நான்கு வாரம் குளிக்கிற நேரம் தவிர முழு நேரமும், பிறகு இரண்டு வாரம் பாதி நேரமும் போடச் சொல்வார்கள். உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

போட்டபின் ஓரத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூச்சை இழுத்துவிட முடியவில்லை, கை மரக்கிறது என்றால் இறுக்கம் அதிகம். தளர்ந்து சுருண்டாலும் ஆகாது. மடிப்பு விழுந்த இடத்தில் தோலில் கோடு பள்ளமாகப் பதியும், அக்குளுக்குக் கீழேயும் மார்பின் அடிவிளிம்பிலும் இது அடிக்கடி நடக்கும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் கையால் நீவிவிடுங்கள். சித்திரை வெயிலில் கரூர், ஈரோடு பக்கம் ஒரே வெஸ்ட்டோடு சமாளிக்க முடியாது. வேர்வையில் அரிப்பும் வேர்க்குருவும் வரும், ஆகவே இரண்டாக வாங்கி மாற்றிப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வாஷிங் மெஷினின் சூடு இலாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

முதல் தடவை வெஸ்ட்டைக் கழற்றும்போது தலை சுற்றலாம். இறுக்கம் விட்டதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. ஏதாவது சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு கழற்றுங்கள். வீட்டுக்குத் தெரியாமல், குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வந்து படுத்திருப்பவர்கள் நிறையப் பேர். ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும்.

ஒத்தடம் வேண்டாம்

வீக்கம் என்றதும் அமுச்சி (பாட்டி) உப்பை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு வந்துவிடும், இல்லாவிட்டால் விளக்கெண்ணெயைச் சுடவைக்கும். பாசம்தான், ஆனால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். ஆபரேஷன் செய்த தோலுக்கு மாதக்கணக்கில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சுடுவது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியும். சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தையும் ஏற்றும். ஐஸ் வைப்பதும் அதே தோல்மேல்தான். டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும், துணியில் சுற்றி, பத்து நிமிஷத்துக்கு மேல் போகாமல், காம்பை விட்டுத் தள்ளி வையுங்கள். தையல்மேல் மஞ்சள் அரைத்துப் பூசுவதும் கூடாது.

வீக்கம் இறங்க உதவுவது எளிய காரியங்கள். இரண்டு வாரம் மல்லாந்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்து தூங்குங்கள். முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் நடங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள், உப்பு நீரைப் பிடித்துவைக்கும். சிகரெட்டும் வாயில் அடக்கும் புகையிலையும் ஒரு மாதத்துக்குக் கூடவே கூடாது. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி, காம்புக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், புரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

கையைத் தோளுக்கு மேல் தூக்கும் வேலை இரண்டு வாரம் வேண்டாம். மேஜை வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். தறி ஓட்டுகிறவர்கள், பண்டல் தூக்குகிறவர்கள், பால் கேன் ஏற்றுகிறவர்கள் நாலு வாரமாவது தள்ளிப்போட வேண்டும். மார்புக்கான ஜிம் பயிற்சி ஆறு வாரத்துக்கு மேல்தான். பைக் இரண்டு வாரம் ஆகட்டும். ஸ்பீடு பிரேக்கரில் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவது நேரே மார்புத் தசையில் இழுக்கும். கோவையில் ஆபரேஷன் முடித்துத் தாராபுரம், கோபி என்று காரில் திரும்புகிறவர்கள் சீட் பெல்ட்டுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டால் குலுக்கல் உறுத்தாது.

உடனே கிளம்ப வேண்டியது

இரு பக்கமும், மெதுவாக, கையில் அழுத்தினால் கொஞ்சம் குழைகிற வீக்கம் காத்திருக்கக்கூடியது. ஒரே பக்கம், சில மணி நேரத்துக்குள், கல் போல இறுகி, மாத்திரைக்கு அடங்காத வலியோடு ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். விடியட்டும் என்று படுக்காதீர்கள், திறந்து ரத்தத்தை எடுக்க வேண்டியிருக்கலாம். டியூப் இருந்தால், வெளிர்ந்துகொண்டே போக வேண்டிய நீர் திடீரென்று கெட்டிச் சிவப்பாகி மளமளவென்று நிறைவதும் அதே அறிகுறி.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, சீழ், நாற்றம் என்றால் அன்றே காட்ட வேண்டும். காம்பு கருத்துக்கொண்டே போனாலும் அப்படித்தான். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது எல்லாம் ரத்த உறைவாக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

போட்டோ

தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றமே தெரியாது. ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ஒன்று, பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று என்று காலையில், அதே சுவர், அதே வெளிச்சம், அதே தூரத்தில் நேராகவும் இரு பக்கவாட்டிலும் எடுங்கள். மேலிருந்து விழும் பாத்ரூம் விளக்கு சின்ன மேட்டையும் மலையாகக் காட்டும். இணையத்தில் வேறொருவரின் ஆறாம் மாதப் படத்தோடு உங்கள் பத்தாம் நாளை ஒப்பிடுவதில் எந்தப் பயனும் இல்லை.

ஆறு மாதம் கழிந்தும் ஒரு பக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், ஓரம் பிடிபடும் ரப்பர் போன்ற கட்டி இருந்தால், அல்லது தோல் தொங்கினால், அந்தப் போட்டோக்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு சர்ஜனிடம் போய் அல்ட்ராசவுண்ட் தேவையா என்று கேளுங்கள். எடுத்த சுரப்பியைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் கூட இருக்கட்டும். அதற்கு முன்பே மறு ஆபரேஷன் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், இறுகிய தழும்புக்குள் எது சுரப்பி எது வீக்கம் என்று கத்தி பிடிப்பவருக்கே பிரித்தறிவது சிரமம்.