வெயிலும் நிழலும் இரண்டா, ஒன்றா? வளவில் நீங்களே பார்ப்பது எப்படி

எதிரெதிரானவை நிஜமாகவே இரண்டா, இல்லை மனசு போடும் கோடா என்று பேசிக்கொண்டே இருந்தால் விடியாது. காரைக்குடிப் பக்கம் தெரிந்தவர்களின் பழைய வீடு இருந்தால் காலை பத்து மணிக்கு ஒரு சாக்பீஸோடு வளவுக்கு, அதாவது வீட்டின் நடுவே திறந்த முற்றமுள்ள பகுதிக்கு, போங்கள்.

முற்றத்தில் ஓட்டு நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள், கூட வந்தவரையும் போடச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வருவது அபூர்வம். குனிந்து பாருங்கள், நிழலின் ஓரம் நறுக்கினாற்போல் இருக்காது, கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்து வெயிலில் கரைந்துவிடும். சூரியன் புள்ளி இல்லையே, வானத்தில் சுமார் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. ஓடு 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த மங்கல் பட்டை இரண்டு மூன்று விரல் அகலம் வரும். அதன் நடுவே ஓர் எறும்பு நின்றால், அது நிற்கும் இடத்துக்குப் பாதிச் சூரியன்தான் தெரியும்.

அதற்காக வெயிலும் நிழலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆச்சி வற்றலை ஏன் முற்றத்து நடுவில் காயப்போடுகிறார்? நிழலில் போட்டால் பூசணம் பிடிக்கும். கோடுதான் நம்முடையது, வித்தியாசம் நாம் உண்டாக்கியதில்லை. எல்லாமே மாயை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தப்பு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சூடு, குளிருக்கு மூன்று கிண்ணம் போதும். ஒரு கையைக் கைபொறுக்கும் வெந்நீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் ஒரு நிமிஷம் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். ஒன்றுக்குச் சில்லென்றும் மற்றதற்குச் சூடாகவும் இருக்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி இதைப் பேசிவிட்டார். குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, கையிலிருந்து வெப்பம் வெளியே போவதுதான் அது.

சரி, எல்லா ஜோடியும் இப்படித்தானா? இல்லை. ஒரு காந்தத்தை உடைத்துப் பாருங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் வடக்கும் தெற்கும் வந்துவிடும். இரண்டும் நிஜம், ஆனால் ஒன்றை விட்டு ஒன்று கிடைக்காது. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது சைவ சித்தாந்தம் அத்துவிதம் என்பதற்கு ‘ஒன்று’ என்று பொருள் கொள்ளாமல் ‘பிரிவில்லாத இரண்டு’ என்று கொள்வது எனக்கு இங்கேதான் விளங்கியது. வட்டிக்கடைப் பேரேடும் அப்படித்தான்: கொடுத்தவருக்கு வரவேண்டிய தொகைதான் வாங்கியவர் தரவேண்டியது.

இனி உங்களைக் குழப்பும் ஜோடியை எடுத்துக்கொண்டு, அது நிழலின் ஓரமா, கிண்ணத்துத் தண்ணீரா, காந்தமா என்று கேளுங்கள். நல்லவர், கெட்டவர் என்ற ஜோடியை மட்டும் சாக்பீஸோடு இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.