இடிக்காமல் புதுப்பிக்கலாம்: பழைய சமையலறைக்குச் சிக்கனமான செய்முறை

முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்ககங்களில் சமையலறை ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். கறுப்புக் கடப்பைக் கல் மேடை, அதன் கீழே அதே கல்லில் திறந்த தட்டுகள், மேடைக்கு மேல் இரண்டடிக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கும் மேலே எண்ணெய்ப் புகை படிந்த சுவர், ஒரு பரண், ஒற்றை டியூப்லைட். மாற்றலாம் என்று விசாரித்தால் மாடுலர் கிச்சன் போடுபவர்கள் லட்சத்தில்தான் பேச்சையே தொடங்குகிறார்கள்.

இந்தச் சமையலறைகளைப் பழையதாகக் காட்டுவது வயதல்ல என்பது என் கட்சி. பிசுக்கு, கறுத்துப்போன டைல்ஸ் இடுக்கு, போதாத வெளிச்சம் ஆகிய மூன்றும்தான் காரணம். கல் மேடை இன்னொரு தலைமுறைக்கும் உழைக்கும். அதை உடைத்துவிட்டு மரத்தூள் பலகையில் அலமாரி செய்வது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை. எல்லாவற்றையும் நாமே செய்தால் பொருள் செலவு பத்தாயிரம் ரூபாயை ஒட்டி முடியும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுத்தம் செய்வதோடும் விளக்கோடும் நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவற்றுக்கு வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

வேலை எப்போதும் மேலிருந்து கீழே போகவேண்டும். பரண், சுவர், டைல்ஸ், மேடை, கதவுகள் என்ற இந்த வரிசையை மாற்றினால் முடித்த வேலையின் மேலேயே தூசு விழும்.

படி 1: பிசுக்கை எடுத்தல்

இதுதான் அலுப்பான வேலை, பாதிப் பலனும் இதில்தான் இருக்கிறது. பிசுக்கின் மேல் எந்த வண்ணமும் ஒட்டாது.

பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுங்கள். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, பால்கனி போன்ற காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள். அது ஐந்தாண்டு கடந்திருந்தால் முதல் செலவு அதுதான்.

ஒரு லிட்டர் சுடுநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். ஆப்ப சோடா இதற்குப் போதாது. சலவைச் சோடா அதைவிட வீரியமான காரம். எண்ணெயோடு சேர்ந்து அதைச் சோப்பாக மாற்றிக் கரைக்கிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, துணியை நனைத்துச் சுவரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பட்டித் தகட்டால் வழித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். அலுமினியத்தில் மட்டும் இதைப் படவிடாதீர்கள். காரம் அதை அரித்துக் கறுக்கச் செய்யும். எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கை அலுமினியமாக இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பாலேயே கழுவுங்கள்.

கழிப்பறைக்கு வாங்கும் ஆசிட் சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்ட இடமெல்லாம் வெளுத்துப் பொரிந்துபோகும். எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட மெல்ல அதையே செய்கின்றன. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் வருவது குளோரின் வாயு. சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

படி 2: சுவர்

காய்ந்த சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால், கீழே இருப்பது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டெம்பர். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே அடிக்கும் வண்ணம் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். சுரண்டி, விரிசல்களுக்குப் பட்டி பூசி, காய்ந்தபின் 180ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசைத் துடைத்து, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். கழுவித் துடைக்கக்கூடிய எமல்ஷன்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். மலிவு வகையைத் துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வரும். ஈரம் கசியும் சுவராக இருந்தால் வண்ணத்தை மறந்துவிட்டு முதலில் கசிவைப் பாருங்கள்.

படி 3: டைல்ஸ் இடுக்கு

டைல்ஸை மாற்றாமலே மாற்றியதுபோல் காட்டுவது இந்த வேலைதான். பலர் டைல்ஸின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அடுப்புக்குப் பின்னால் அது சூட்டில் சுருங்கும், ஓரம் பெயர்ந்த இடத்தில் கரப்பான் குடியேறும். எனக்கு அதில் சம்மதமில்லை.

இடுக்கில் முதலில் போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் வெள்ளை சிமென்ட். அது நுண்துளைகள் உள்ளது. எண்ணெயையும் மஞ்சளையும் குடித்துக் கறுத்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காது, எடுத்துத்தான் ஆகவேண்டும். ஹேக்ஸா பிளேடைப் பாதியாக உடைத்து, பிடிக்கும் முனையில் துணி சுற்றி, இடுக்கை 3 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். டைல்ஸின் விளிம்பில் பிளேடு ஏறாமல் நிதானமாக இழுக்கவேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவது அவசியம். பிறகு பழைய பல்துலக்கியால் தூசை எடுத்து, இடுக்கை நன்றாகக் காயவிடுங்கள்.

புதிதாக நிரப்ப எப்பாக்ஸி கிரவுட் (இறுகிக் கெட்டியாகும் பிசின் கலவை) வாங்குங்கள். சிமென்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை என்றாலும் கறை குடிக்காது. தேவைப்படும் அளவும் குறைவுதான்: 8க்கு 12 அங்குல டைல்ஸ் பதித்த 40 சதுர அடிச் சுவரில், 3 மி.மீ. அகலமும் அதே ஆழமும் உள்ள இடுக்குகளுக்கு அரைக்கிலோவை ஒட்டி ஆகும். சேதாரத்தோடு சேர்த்து ஒரு கிலோ டப்பா போதும்.

அந்த டப்பாவில் ரெசின், ஹார்டனர், பொடி என்று மூன்று இருக்கும். அளவு பிசகினால் இறுகாது. ஆகவே கண் அளவை நம்பாமல் சமையல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். பழைய தராசாக இருக்கட்டும், அதன் மேல் பிளாஸ்டிக் தாளும் போடுங்கள். கலந்த பிறகு கையில் இருப்பது அரைமணி முதல் முக்கால் மணி நேரம்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் அதுவும் குறையும். எனவே ஒரு தடவைக்குக் கால்கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். ரப்பர் தகட்டால் இடுக்கில் அழுத்தி நிரப்பி, டைல்ஸின் மேல் படிந்ததை ஈரமான ஸ்பாஞ்சால் உடனே துடையுங்கள். மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், இறுகிய எப்பாக்ஸி சுத்தியலுக்கும் மசியாது. மேடையும் சுவரும் சேரும் மூலைக்குக் கிரவுட் வேண்டாம். அந்த இடம் லேசாக அசையும், விரிசல் விடும். அங்கே சிலிகான் போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது என்பதால் மறுநாள் சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படி 4: வெளிச்சம்

பழைய டியூப்லைட் நமக்குப் பின்னால் இருக்கும். காய் நறுக்கும்போது நம் நிழல் சரியாக நறுக்கும் பலகையின் மேல் விழும். இன்னும் பெரிய விளக்கு போட்டாலும் இது தீராது. விளக்கு நமக்கு முன்னால் வரவேண்டும். மேடைக்கு மேலே உள்ள அலமாரியின் அடிப்பக்கம், நம்மை நோக்கிய விளிம்பை ஒட்டி இரண்டடி எல்.இ.டி. பேட்டன் (பட்டை விளக்கு) ஒன்றைப் பொருத்துங்கள். பிளக்கோடு வருவதை வாங்கினால் இருக்கும் சாக்கெட்டிலேயே செருகிவிடலாம், சுவரை உடைக்க வேண்டாம். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெளிச்சம்; 4000 கெல்வினில் காய்கறியின் நிறம் இயல்பாகத் தெரியும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு: 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸிக்குப் போட்ட சிறிய 6 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது. தனி வயரோடு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். அதை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

படி 5: குழாய்

சிங்க் குழாய்களின் திருகு மரை பொதுவாக அரை அங்குலம். முதலில் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுப் பழையதைக் கழற்றுங்கள். புதியதன் மரையில், திருகும் திசையிலேயே, அதாவது கடிகார முள் போகும் பக்கமாக டெஃப்லான் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வரும், ஒழுகும். கழுத்து நீண்டு திரும்பும் வகைக் குழாய் குக்கர் கழுவ வசதி. சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து அசைந்தால் அதற்கு மேல் பலம் காட்டாதீர்கள், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

படி 6: மேடையும் கதவுகளும்

மேடை விளிம்பில் பெயர்ந்த இடங்களை, ஆரல்டைட்டில் கறுப்பு ஆக்சைடு பொடி கலந்து நிரப்பி, இறுகியபின் உப்புத்தாளால் சமப்படுத்துங்கள்.

கீழ்த் தட்டுகள் திறந்தே இருந்தால், ஸ்பிரிங் கம்பியில் பருத்தித் திரை மாட்டுவதுதான் ஆக மலிவு, துவைத்தும் போடலாம். அடுப்புக்குக் கீழே சிலிண்டர் இருக்கும் தட்டில் மட்டும் திரை வேண்டாம், அங்கே காற்று புழங்கவேண்டும். கதவு போடுவதாக இருந்தால் பி.வி.சி. பலகை, அல்லது தண்ணீரைத் தாங்கும் வகையான, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட். மலிவான மரத்தூள் பலகை சிங்க்குக்குக் கீழே ஊதிப்போகும்.

ஏற்கெனவே மரக் கதவுகள் இருந்தால் கழற்றி, பின்பக்கம் எண் எழுதிவையுங்கள். சோடா நீரால் துடைத்து, காய்ந்தபின் 120ஆம் எண் உப்புத்தாள், பிறகு 220; ஒரு கோட் வுட் பிரைமர், இரண்டு மெல்லிய கோட் எனாமல். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஓர் இரவு காயட்டும். எனாமலோடு கலக்கும் தின்னர் எளிதில் தீப்பற்றும், ஆகவே வேலை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நடக்கட்டும். பால்கனியில் சிலிண்டர் இருந்தால் மொட்டை மாடிதான். இரண்டடிக்கு ஒன்றரை அடி அளவில் ஆறு கதவுகள் இருந்தால், இரு பக்கமும் சேர்த்து 36 சதுர அடி. அரை லிட்டர் எனாமல் மட்டுமட்டாக வரும்.

கைப்பிடி வாங்கப் போகும்முன் பழைய இரண்டு துளைகளின் நடு இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 96 அல்லது 128 மி.மீ.; பழைய கதவில் நான்கு அங்குலம் இருந்தால் அது 101 மி.மீ.க்கும் மேல், பொருந்தாது. அந்தத் துளைகளை பிரைமர் அடிக்கும் முன்பே எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுப் புதிய துளை போடுங்கள்.