கொழுப்புக் குளிசையை நிறுத்த முதல்

சுன்னாகத்தில் ஒரு பாமசியில் 29 வருடம் நின்றவன் நான். மாரிகாலத்துப் பின்னேரம் ஒன்றில், கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் வந்தார். கையில் ஒரு பிஸ்கற் தகரம். மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஆசுப்பத்திரியில் கட்டிக்கொடுக்கிற காகிதப் பைகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ‘இரவு 1’ என்று பேனையால் எழுதியிருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அற்றோவாஸ்ரற்றின் 20 மில்லிகிராம், ஐந்து மாதத்துக்குரியது.

“தம்பி, இதைப் போடத் தொடங்கின பிறகுதான் எனக்கு அந்த விசயம் சரிவரேல்லை. அதுதான் நிப்பாட்டிப்போட்டன். ஆரிட்டையும் சொல்லேல்லை.”

“நிப்பாட்டி அஞ்சு மாதம். இப்ப சரிவருதோ மாஸ்ரர்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இல்லை” என்றார்.

அந்த ‘இல்லை’க்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆண்குறி விறைப்படையாத பிரச்சினைக்குக் கொழுப்புக் குளிசையைக் குற்றஞ்சாட்டி, வீட்டுக்கும் டொக்டருக்கும் சொல்லாமல் அதை விட்டவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். நீங்களும் அந்த யோசனையில் இருந்தால், குளிசையை விட முதல் கீழே சொல்பவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அற்றோவாஸ்ரற்றின், ரொசுவாஸ்ரற்றின் போன்ற ஸ்ரற்றின் வகைக் கொழுப்புக் குளிசைகள் ஈரலில் கொலஸ்ட்ரோல் உற்பத்தியைக் குறைக்கின்றன. ஆண் ஹோர்மோனான ரெஸ்ரொஸ்ரரோன் கொலஸ்ட்ரோலில் இருந்துதான் உண்டாகிறது. ஆகவே அதுவும் குறைந்துவிடும் என்ற பயம் ஆதாரமில்லாத பயம் அல்ல. அளந்து பார்த்தபோது கொஞ்சம் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குறைவு சிறியது. மறுபக்கத்தில், 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளிவந்த கணிப்பு ஒன்று உண்டு. விறைப்புக் குறைபாடு உள்ளவர்களிடம் ஐந்து கேள்விகள் கேட்டு 25க்குப் புள்ளி போடுகிற முறை ஒன்று இருக்கிறது. ஸ்ரற்றின் எடுத்தவர்களின் சராசரிப் புள்ளி அதில் 14இல் இருந்து 17.4க்கு ஏறியது. அதாவது நிலைமை கொஞ்சம் திருந்தியிருக்கிறது. ரொசுவாஸ்ரற்றினை வைத்துச் செய்த ஹோப் 3 என்ற பெரிய ஆய்வில், சராசரி 61 வயதுடைய ஆண்களிடம் குளிசையால் விறைப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாலியல் குறைபாடும் பக்கவிளைவாகப் போட்டிருக்கும். சிலர் முறையிட்டிருக்கிறார்கள், அதனால் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான வயதானவர்களுக்குக் காரணம் இந்தக் குளிசை அல்ல என்பதுதான் இத்தனையையும் பார்த்து நான் சொல்லக்கூடியது.

அப்படியென்றால் உங்களுக்கு எது காரணம்? ஒரு கொப்பித்தாளை எடுங்கள். இடப்பக்கத்தில் மாதமும் வருடமும், வலப்பக்கத்தில் என்ன நடந்தது என்பது. பிறஷர் கண்டுபிடித்தது எப்போது, சீனி வருத்தம் எப்போது, ஒவ்வொரு குளிசையும் தொடங்கியது எப்போது, டோஸ் கூட்டியது எப்போது. கிளினிக் கொப்பியில் திகதிகள் எல்லாம் கிடக்கும். விறைப்பில் தளர்வு தெரியத் தொடங்கிய காலத்தை மட்டும் உங்கள் நினைவில் இருந்து எழுதவேண்டும். நேர்மையாக எழுதுங்கள். முற்றாக நின்ற நாளை எழுத வேண்டாம். முதன்முதலாகச் சந்தேகம் வந்த காலத்தை எழுதுங்கள்.

நானே எழுதிப் பார்த்தேன். ரொசுவாஸ்ரற்றின் 10 மில்லிகிராம் எனக்கு 2019இல் தொடங்கியது. அதுதான் காரணம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. தாளில் எழுதும்போதுதான், 2017இல் மூத்த மகளின் கலியாணம் முடிந்த கையோடேயே எனக்கு அந்தத் தளர்வு இருந்தது ஞாபகம் வந்தது. குளிசைக்கு இரண்டு வருடம் முதல். அந்தத் தாள் இல்லாவிட்டால் குற்றத்தை இன்றுவரை குளிசையின் தலையில்தான் போட்டிருப்பேன்.

இப்படி நடப்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. ஆண்குறிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலம். இருதயத்தின் நாடி 3 முதல் 4 மில்லிமீற்றர். கொழுப்பும் சீனியும் பிறஷரும் புகையும் எல்லா நாடிகளின் உட்சுவரையும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன, ஆனால் சின்னக் குழாய் முதலில் முறையிடும். விறைப்புக் குறைந்து இரண்டு தொடக்கம் ஐந்து வருடங்களுக்குள் இருதய வருத்தம் வெளியில் தெரியவந்தவர்கள் நிறையப் பேர். அதனால், 50 கடந்தவருக்கு இது புதிதாக வந்தால் இருதயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நேரத்தில் இருதயத்தைக் காக்கும் குளிசையை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் மேசையில் பரப்புங்கள். கொழுப்புக் குளிசையை மட்டும் பார்த்தால் பக்கத்தில் இருப்பது தப்பிவிடும். பிறஷருக்குக் கொடுக்கும் ஐதரோகுளோரோதயசைட், அற்றெனலோல், புரொப்பிரனலோல், ஸ்பைரனோலக்ரோன் என்பவை விறைப்பைக் குறைக்கக்கூடியவை. புரொஸ்ரேற்றுக்குக் கொடுக்கும் பினாஸ்ரரைட்டும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுஒக்சற்றின், சேற்றலின் வகைகளும் அப்படித்தான். கொழுப்புக்கே கொடுக்கும் ஜெம்பைப்ரோசில் ஸ்ரற்றின் அல்ல, அது வேறு வகை. அதனாலும் இந்த முறைப்பாடு வந்திருக்கிறது. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அற்றெனலோலைச் சடுதியாக விட்டால் இருதயமே தடுமாறும். பேரை எழுதிக்கொண்டால் போதும். பிறஷருக்கு வேறு குளிசை மாற்றிக் கொடுக்க டொக்டர்மாருக்கு வழி உண்டு.

பிறகு ஒரு கிழமைக்கு, விடிய எழும்பும்போது கவனியுங்கள். காலை விறைப்பு நன்றாக இருந்து மனைவியோடு இருக்கும்போது மட்டும் சரிவராவிட்டால், நாடியும் நரம்பும் வேலைசெய்கின்றன என்று அர்த்தம். அப்போது பயம், கவலை, வீட்டுப் பிரச்சினை, நித்திரையின்மை பக்கம் பார்க்கவேண்டும். காலையிலும் இல்லையென்றால் உடம்புப் பக்கம்.

பயம் என்பதைச் சின்னதாக எடுக்காதீர்கள். இத்தாலியில் 96 ஆண்களுக்கு ஒரே குளிசையை, அற்றெனலோலைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. என்ன மருந்து என்றே தெரியாதவர்களில் 3.1 வீதம் பேருக்கு விறைப்புக் குறைபாடு வந்தது. மருந்தின் பேர் தெரிந்தவர்களில் 15.6 வீதம். பேரும் தெரிந்து, இப்படி ஒரு பக்கவிளைவு வரலாம் என்றும் சொல்லப்பட்டவர்களில் 31.2 வீதம். எங்கள் ஊரில் கோயில் வீதியிலும் தேத்தண்ணிக் கடையிலும் “அந்தக் குளிசை ஆளை முடிச்சுப்போடும்” என்று ஒருவர் சொன்னால், கேட்ட நாலு பேருக்கு அன்றிரவே பிரச்சினை தொடங்கும். மற்றவருக்குச் சொல்ல முதல் இதை நினையுங்கள்.

இனி, டொக்டரிடம் சொல்வது. இதுதான் ஆட்களுக்கு ஆகக் கஷ்டமான இடம், எனக்குத் தெரியும். கிளினிக் அறையில் பக்கத்தில் நேர்ஸ் நிற்பா, பின்னால் ஐம்பது பேர் வரிசை, கூட வந்தது மருமகளாக இருக்கும். அதனால் வாயால் சொல்ல வேண்டாம். அந்தத் தாளின் மேலே ஒரு வரி எழுதுங்கள்: ‘எனக்கு விறைப்பு வருவதில்லை. இத்தனை மாதமாக. கொழுப்புக் குளிசையாலோ என்று சந்தேகம்.’ கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். கூட வந்தவரை, “ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ பிள்ளை” என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘உடம்பு பலவீனம்’, ‘இடுப்பு உளைவு’ என்று சுற்றிவளைத்துச் சொன்னால் விற்றமின்தான் எழுதித் தருவார்கள். மாஸ்ரருக்கு முதல் தடவை அதுதான் நடந்தது.

கேட்டுச் செய்விக்க வேண்டியவை: பிறஷர், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), கொழுப்புப் பரிசோதனை, தேவையென்றால் ரெஸ்ரொஸ்ரரோன். கடைசியாகச் சொன்னதற்கு இரத்தம் காலையில் எடுக்கவேண்டும், பின்னேரம் எடுத்தால் குறைவாகக் காட்டும். மாஸ்ரரின் எச்பிஏ1சி 8.9 என்று வந்தது. சீனி இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. குளிசையை விட்ட ஐந்து மாதத்தில் கெட்ட கொழுப்பு 92இல் இருந்து 171க்குப் போயிருந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் திகதிகள் குளிசையைத்தான் காட்டினால்? அப்படியும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. டொக்டர் சம்மதித்தால் குறிப்பிட்ட சில கிழமைக்கு நிறுத்திப் பார்க்கலாம், டோஸைக் குறைக்கலாம், அல்லது அற்றோவாஸ்ரற்றினில் இருந்து ரொசுவாஸ்ரற்றினுக்கோ பிரவாஸ்ரற்றினுக்கோ மாறலாம். நிறுத்தியபோது திருந்தி, திரும்பத் தொடங்கியபோது மறுபடியும் வந்தால்தான் குளிசைமேல் சந்தேகம் உறுதிப்படும். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்ரென்ற் வைத்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் இந்தப் பரீட்சையைத் தாங்களாகச் செய்யவே கூடாது.

சுருட்டை விடுங்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டு சிகரெட் இல்லைத்தானே என்று நியாயம் சொல்பவர்கள் உண்டு. நாடிக்கு இரண்டும் புகைதான். கள்ளும் சாராயமும் அளவு கடந்தால் அன்றிரவையே கெடுக்கும். விடியப்புறம் அரை மணித்தியாலம் வேகமாக நடவுங்கள்.

சில்டெனபில் பற்றி அவசியம் சொல்லவேண்டும், ஏனென்றால் கடையில் வந்து மெதுவாகக் கேட்கிறவர்கள் கடைசியில் இதைத்தான் கேட்கிறார்கள். நல்ல மருந்து, 1998இல் இருந்து பாவனையில் இருக்கிறது, ஸ்ரற்றினோடு சேர்த்து எடுக்கலாம். ஆனால் நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் ஜிரிஎன், அல்லது ஐசோசோபைட் பாவிப்பவர் இதைத் தொடவே கூடாது. பிறஷர் பாதாளத்துக்கு விழுந்து உயிர் போகலாம். புரொஸ்ரேற்றுக்குத் தம்சுலோசின் எடுப்பவரும் டொக்டரிடம் சொல்லித்தான் தொடங்கவேண்டும். சினேகிதனிடம் அரைக் குளிசை கடன் வாங்காதீர்கள். ஆண்மைக்கு என்று விளம்பரம் செய்யும் லேகியமும் வேண்டாம். ‘மூலிகை’ என்று விற்றவற்றுக்குள் சில்டெனபில் கலந்திருந்ததை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. என்ன அளவு கலந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

மாஸ்ரருக்குச் சீனிக்கு மெற்போமின் தொடங்கினார்கள், பிறஷர் குளிசை ஒன்றை மாற்றினார்கள், கொழுப்புக் குளிசையைத் திரும்பப் போடச் சொன்னார்கள். நாலு மாதம் கழித்து ரீச்சரோடு, அதுதான் அவரின்ர மனுசியோடு, கடைக்கு வந்தார். முழுக்கத் திருந்தவில்லை, பரவாயில்லை என்று கையால் காட்டினார். ரீச்சர் அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து, கொழுப்புக் குளிசை இருந்த காகிதப் பையை என்னிடம் நீட்டினா.

“தம்பி, இது சாப்பாட்டுக்கு முதலோ பிறகோ? இனி நான்தான் எடுத்துக் குடுக்கப்போறன்.”

“எப்பிடியெண்டாலும் சரி ரீச்சர். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்திலை குடுங்கோ.”